ஜிலேபி மீனுக்குக் குட்டை வெட்டுவது: அகலம் முக்கியமா, ஆழம் முக்கியமா?

காரிமங்கலம்_மாந்தோப்பு:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் காரிமங்கலத்துக்குப் பக்கம். மொத்தம் ரெண்டரை ஏக்கர், பாதி மாமரம், மீதியில் தக்காளி, ராகி என்று மாற்றி மாற்றிப் போடுகிறோம். பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி இன்றைக்கு விற்கிற விலை நாளைக்கு இருப்பதில்லை, அதனால் ஒரு மூலையில் குட்டை வெட்டி கிப்ட் திலேப்பியா (ஜிலேபி மீனில் வேகமாக வளர்கிற ரகம்) விடலாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. முடிவாகாதது குட்டையின் அளவுதான்.

ஜேசிபிக்காரர் வந்து பார்த்துவிட்டு, 30 மீட்டருக்கு 30 மீட்டர், பத்தடி ஆழம் எடுத்துவிடலாம், தண்ணி நிறைய நிற்கும், மீனும் நிறைய விடலாம் என்கிறார். போச்சம்பள்ளியில் இருக்கும் என் தாய்மாமன், அதெல்லாம் வேண்டாம், அரை ஏக்கர் எடு, அஞ்சடி போதும், குளம் பெருசா இருந்தாத்தான்டா மீன் பெருசாகும் என்கிறார். ரெண்டு பேரும் அடித்துப் பேசுகிறார்கள், நடுவில் நான் முழிக்கிறேன்.

மண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேலே மூணு நாலு அடி செம்மண், அதற்குக் கீழே கரளை (பொடிக்கல் கலந்த, தண்ணி கசிகிற மண்), எட்டொன்பது அடிக்குக் கீழே பாறை தட்டும் என்று கிணறு வெட்டினவர்கள் சொல்கிறார்கள். போர்வெல் ஒன்று இருக்கிறது, மழைக்காலத்தில் நன்றாக வரும், சித்திரையில் விட்டு விட்டு ஓடும். ஏரேட்டர் (தண்ணியில் காற்றைக் கலக்கிற மெஷின்) இப்போதைக்கு வாங்குவதாக இல்லை.

ஆறு மாதத்தில் அரைக் கிலோ வரும் என்கிறார்களே, அது குட்டையின் அளவைப் பொறுத்ததா? எத்தனை அடி ஆழம், எத்தனை சென்ட், எத்தனை குஞ்சு? குட்டை வைத்திருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

காவேரிப்பட்டணம்_குட்டைக்காரர்:

தம்பி, உங்கள் மாமா சொன்னதில் பாதி சரி. ஜேசிபிக்காரர் சொன்னது மண் எடுக்கிற கணக்கு, மீன் வளர்க்கிற கணக்கு இல்லை. அவருக்கு மணிக்கு இவ்வளவு என்று வாடகை, ஆழம் கூடினால் மணியும் கூடும், அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

முதலில் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏரேட்டர் இல்லாத குட்டையில் எத்தனை மீன் விடலாம் என்பதை முடிவு செய்வது தண்ணியின் மேல்பரப்பு, தண்ணியின் கொள்ளளவு இல்லை. காற்று கலப்பது மேலே, வெயில் விழுவது மேலே, பச்சைப் பாசி வளர்ந்து ஆக்சிஜன் விடுவது மேலே. கரைக்கு ஒன்றுக்கு ஒன்றரை சரிவு (ஓரடி ஆழத்துக்கு ஒன்றரை அடி உள்ளே தள்ளி) விட்டு 30க்கு 30 மீட்டரில் அஞ்சடி எடுத்தால் சுமார் பதினொன்றரை லட்சம் லிட்டர் பிடிக்கும். அதையே பத்தடி எடுத்தால் சுமார் 20 லட்சம் லிட்டர் பிடிக்கும். தண்ணி ஒன்றே முக்கால் மடங்கு ஆகிறது, ஆனால் மேல்பரப்பு அதே 900 சதுர மீட்டர்தான். குஞ்சையும் ஒன்றே முக்கால் மடங்கு விட்டால் என்ன ஆகும்? அத்தனை மீனும் மேலே இருக்கிற ரெண்டு மூணு அடியில் கிடைக்கிற காற்றைத்தான் பங்கு போட வேண்டும்.

கிணற்றில் குதித்துக் குளித்தவர்களுக்குத் தெரியும், மேலே வெதுவெதுப்பாக இருக்கும், கொஞ்சம் உள்ளே போனதும் கால் சில்லென்று ஆகும். ஆழக் குட்டையும் அப்படித்தான் ரெண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கும். சுற்றிலும் மாமரம் இருந்து காற்று அடிக்காவிட்டால் இன்னும் மோசம். கீழ் அடுக்குக்கு வெயிலும் போகாது, காற்றும் போகாது. மிஞ்சின தீவனம், மீன் கழிவு எல்லாம் அங்கேதான் போய் மட்கும், மட்கும்போது இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும். ஆழக் குட்டையை இறைத்துவிட்டு அடிச்சேற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள், கன்னங்கரேல் என்று, அழுகிய முட்டை வாடை அடிக்கும். அந்த இடத்துக்கு ஜிலேபி போவதில்லை. நீங்கள் காசு கொடுத்து வெட்டின ஆழத்தில் பாதி மீனுக்கு உபயோகமில்லாத இடம்.

உபயோகமில்லாமல் கிடந்தால்கூடப் பரவாயில்லை. சித்திரை வைகாசியில் மாங்காயை உதிர்க்கிற காற்றோடு ஒரு மழை வரும் பாருங்கள், அப்போது மேல்தண்ணி திடீரென்று குளிர்ந்து கீழே இறங்கும், கீழே இருந்த கெட்ட தண்ணி மேலே வரும். பர்கூர் போகிற வழியில் பழைய கல்குவாரிக் குழி ஒன்றில் ஒருத்தர் மீன் விட்டிருந்தார், முப்பது நாற்பது அடி தண்ணி, பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். அப்படி ஒரு மழைக்கு மறுநாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தால் குழி முழுக்க வெள்ளை வெள்ளையாக வயிறு தெரிய மிதந்துகொண்டிருந்தது. அவர் யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் உங்கள் மாமா சொன்ன விஷயம். பெரிய குளத்தில் மீன் பெருசாவது உண்மைதான், ஆனால் அது குளம் பெருசு என்பதால் இல்லை. பாரூர் ஏரி மாதிரி இடத்தில் ஒரு மீனுக்குக் கிடைக்கிற இடமும் இரையும் அதிகம், கூட்டம் குறைவு, அதனால் பெருசாகிறது. அரை ஏக்கரிலும் நெருக்கி விட்டால் கையளவுக்கு மேல் வராது. இருபது சென்ட்டில் அளவாக விட்டு ஒழுங்காகத் தீவனம் போட்டால் ஏரி மீனுக்குக் குறையாமல் வரும். ஆகவே தண்ணி மட்டம் நாலரை முதல் அஞ்சடி, ஏரேட்டர் இல்லாமல் சதுர மீட்டருக்கு ஒன்று, ரொம்பத் தைரியம் இருந்தால் ரெண்டு. 30க்கு 30 என்றால் 900 குஞ்சில் ஆரம்பியுங்கள்.

ஊத்தங்கரை_விவசாயி:

எங்கள் குட்டை பன்னிரண்டு அடி ஆழம். கட்லா, ரோகு, மிர்கால் மூணும் விட்டிருக்கிறேன், அருமையாக வருகிறது, ஒரு நாளும் செத்து மிதந்ததில்லை. ஆழம் வேஸ்ட் என்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். வெயில் காலத்தில் பக்கத்துத் தோட்டத்துக் குட்டையெல்லாம் வெடித்துக் கிடந்தபோது என்னுடையதில் தண்ணி நின்றது. தண்ணி இருந்தால்தானே மீன்?

காவேரிப்பட்டணம்_குட்டைக்காரர்:

தண்ணி நிற்பதற்கு ஆழம் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. நான் சொல்வது, அது தண்ணி சேமிக்கிற ஆழம், மீன் வளர்க்கிற ஆழம் இல்லை என்று. உங்கள் குட்டையில் ஏக்கருக்கு எத்தனை குஞ்சு விட்டீர்கள்? இரண்டாயிரத்துக்குள் இருக்குமே? அந்தக் கணக்கில் விட்டால் மீன் சாகிறது அபூர்வம். திலேப்பியாக்காரர்கள் அதைப் போல பல மடங்கு விட்டுவிட்டு ஆழத்தை நம்பி உட்கார்ந்திருப்பதுதான் பிரச்சினை.

மீன்வளம்_படித்தவன்:

ரெண்டு அண்ணன்களும் சொல்வது சரிதான், பேசுவது வேறு வேறு கேள்வியைப் பற்றி. கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். மூணையும் சேர்த்து விட்டால் கொஞ்சம் ஆழம் இருப்பது உபயோகம். திலேப்பியா அப்படி அடுக்கு பிரித்துக்கொள்ளாது, பாசி, புழு, மட்கின இலை, நாம் போடும் மிதவைத் தீவனம் எல்லாம் தின்னும், பெரும்பாலும் வெதுவெதுப்பான மேல்பகுதியில்தான் திரியும்.

வளர்ச்சிக்கு ஆழம் எப்படிச் சம்பந்தப்படுகிறது என்றால் வெப்பமும் வெளிச்சமும் வழியாகத்தான். தண்ணி 27 முதல் 30 டிகிரி வரை இருந்தால் திலேப்பியா நன்றாகத் தின்னும், வேகமாக வளரும். 20க்குக் கீழே வளர்ச்சி இழுக்க ஆரம்பிக்கும், 16 வாக்கில் தீவனத்தைத் தொடாது. ரெண்டடி மூணடி தண்ணி என்றால் மத்தியானம் கொதிக்கும், விடிகாலையில் சில்லென்று ஆகிவிடும், இந்த ஏற்ற இறக்கத்தில் மீனின் சத்தெல்லாம் உடம்பைச் சமாளிக்கவே போய்விடும். நாலரை அடிக்கு மேல் இருந்தால் அந்த ஆட்டம் குறைகிறது. அதனால் ஆழம் குறைந்தால் நிச்சயம் வளர்ச்சி குறையும், ஆனால் அஞ்சாறு அடியைத் தாண்டினால் அதற்கேற்ற மாதிரி வளர்ச்சி கூடாது.

வெளிச்சத்துக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. காலை பத்து மணி வெயிலில் குட்டைக்குள் இறங்கி, உள்ளங்கையை மேல் பார்த்து விரித்து வைத்துக்கொண்டு கையை மெல்லத் தண்ணிக்குள் இறக்குங்கள். தண்ணி மணிக்கட்டைத் தாண்டி, முழங்கைக்கு வருவதற்குள், அதாவது ஓர் அடி வாக்கில், உள்ளங்கை மறைந்தால் பச்சை சரியாக இருக்கிறது. மணிக்கட்டு நனைந்ததுமே மறைந்தால் பாசி அளவுக்கு மீறிவிட்டது, தீவனத்தைக் குறைத்து, கொஞ்சம் புதுத் தண்ணி விட வேண்டும். முழங்கை தாண்டியும் விரல் தெரிந்தால் தண்ணியில் சத்தில்லை. கை மறைகிற ஆழத்தைப் போல சுமார் ரெண்டு மடங்கு வரைதான் பாசி வேலை செய்கிற அளவுக்கு வெளிச்சம் போகும். கை ஓர் அடியில் மறைந்தால் ரெண்டடிக்குக் கீழே ஆக்சிஜன் உற்பத்தியே இல்லை, செலவு மட்டும்தான். பத்தடிக் குட்டையில் எட்டடி செலவு வைக்கிற தண்ணி.

இன்னொன்று, எல்லாரும் செத்து மிதப்பதைப் பற்றியே பேசுகிறோம், ஆனால் திலேப்பியா சுலபத்தில் சாகாது. ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து வாயைப் பிளந்து மேல் தண்ணியைக் குடித்துச் சமாளித்துவிடும். விடிகாலையில் அப்படி நின்ற மீன் அன்றைக்குக் காலைத் தீவனத்தைச் சரியாக எடுக்காது. போட்டது அடியில் போய் அழுகும், மறுநாள் ஆக்சிஜன் இன்னும் குறையும். மீன் எதுவும் சாகவில்லை, ஆனால் ஆறு மாதத்தில் அரைக் கிலோ வரவேண்டியது இருநூறு கிராமில் நிற்கும். குஞ்சு சரியில்லை, தீவனம் சரியில்லை என்று மற்றதை எல்லாம் குறை சொல்வோம். விடிவதற்கு முன்னால் ஒரு தடவை குட்டைக் கரைக்குப் போய் நிற்பவருக்குத்தான் நிஜக் காரணம் தெரியும்.

காரிமங்கலம்_மாந்தோப்பு:

ரொம்ப நன்றிங்க. ஜேசிபிக்காரரை நிறுத்தி வைத்திருக்கிறேன். அப்படியென்றால் அஞ்சடியில் அரை ஏக்கர் எடுத்தால் மேல்பரப்பும் அதிகம், மீனும் ரெண்டாயிரம் விடலாம், மாமா சொன்னதுதான் சரி என்று ஆகிறதே? இடம் இருக்கிறது, தக்காளி போடுகிற பக்கத்தை விட்டுவிடலாம்.

காவேரிப்பட்டணம்_குட்டைக்காரர்:

இடம் இருக்கிறது, சரி. சித்திரையில் தண்ணி இருக்கிறதா? நம்ம பக்கம் குட்டையின் அளவை முடிவு செய்கிறது இந்த ஒரு கேள்விதான்.

வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆவியாகப் போகும். ஆறு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 900 சதுர மீட்டருக்குத் தினம் 5,400 லிட்டர். அரை ஏக்கர் என்றால் 2,000 சதுர மீட்டருக்கு மேல், தினம் 12,000 லிட்டர். இது வானத்துக்குப் போகிறது மட்டும், உங்கள் கரளை குடிக்கிறது தனி. பங்குனியிலிருந்து வைகாசி வரை போர் தண்ணி சேர்க்காமல் விட்டால் ஆவியில் மட்டும் ஒன்றரை அடிக்கு மேல் இறங்கிவிடும். அஞ்சடிக் குட்டை மூணரை அடி ஆகும், கசிவும் சேர்ந்தால் மூணுக்கும் கீழே. மீன் நல்ல எடைக்கு வரும் நேரத்தில் தண்ணி பாதி.

ஒரு 200 லிட்டர் பேரலை வைத்து, போரை ஓட்டி எத்தனை நிமிஷத்தில் நிரம்புகிறது என்று பாருங்கள். இப்போது பார்க்காதீர்கள், சித்திரையில் எப்படி ஓடியது என்று நினைவு வைத்துச் சொல்லுங்கள்.

காரிமங்கலம்_மாந்தோப்பு:

சித்திரையில் பேரல் நிரம்ப நாலஞ்சு நிமிஷம் ஆகும். அதுவும் ரெண்டு மணி நேரம் ஓடினால் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க வேண்டும்.

காவேரிப்பட்டணம்_குட்டைக்காரர்:

அப்படியென்றால் மணிக்கு 2,500 முதல் 3,000 லிட்டர். 30க்கு 30 குட்டைக்குத் தினம் ரெண்டு மணி நேரம் மீனுக்கே ஓட்டணும். அரை ஏக்கருக்கு நாலு மணி நேரத்துக்கு மேல். மாமரம் என்ன செய்யும்? அரை ஏக்கரை மறந்துவிடுங்கள். 22 சென்ட்டில், அதாவது அந்த 30க்கு 30 மீட்டரில், ஏழடி எடுங்கள், அஞ்சடிக்குத் தண்ணி கட்டுங்கள். மேலே ஓரடி கரை உயரத்துக்கு, மீதி ஓரடி மழை பெய்தால் சேமிக்க. ஊத்தங்கரைக்காரர் சொன்ன சேமிப்பும் அதில் வந்துவிடும், பாறையும் தட்டாது.

இன்னொரு வசதியும் உண்டு. ஜிலேபியை வலை போட்டு முழுசாகப் பிடித்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வலை கிட்டே வந்ததும் பாதி மேலே தாவிப் போகும், பாதி சேற்றில் தலையைச் செருகிக்கொள்ளும், கடைசியில் தண்ணியை இறைத்துத்தான் பிடிக்கணும். அஞ்சடியில் ஆள் நின்று வலை இழுக்கலாம், ஒரு மூலையில் ஓரடி கூடுதலாகப் பள்ளம் விட்டால் கடைசி மீன் எல்லாம் அங்கே சேரும். இறைக்கிற தண்ணியை மாமரத்துக்குப் பாய்ச்சுங்கள், தழைச்சத்து நிறைந்த தண்ணி. பத்தடியை இறைத்து முடிப்பதற்குள் விடிந்துவிடும்.

தளி_ரோஜா:

ஓசூர் பக்கமிருந்து ஒரு வார்த்தை. நீங்கள் சொல்கிற அஞ்சடிக் கணக்கு காரிமங்கலத்துக்குச் சரி. எங்கள் ஊர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மார்கழி, தை மாதங்களில் ராத்திரி குளிருக்கு மூணடித் தண்ணி என்றால் ஐஸ் மாதிரி ஆகிவிடும். காலையில் தீவனம் போட்டால் அப்படியே மிதந்துகொண்டிருக்கும், ஒரு மீன் வராது. இங்கே ஆறடி வைப்பது தப்பில்லை, தீவனமும் வெயில் ஏறி பதினோரு மணிக்கு மேல்தான் போடணும். ரோஜாவுக்கு வெட்டி, தண்ணி கசியாமல் பிளாஸ்டிக் ஷீட் விரித்த குட்டையிலேயே சிலர் மீன் விடுகிறார்கள், அது வேறு கதை, தண்ணியைத் தினம் சொட்டு நீருக்கு எடுத்துக்கொண்டே இருப்பதால் மட்டம் ஏறி இறங்கி மீன் தேறுவதே இல்லை.

ஷீட் என்றதும் ஞாபகம் வந்தது. உங்கள் கரளை மண்ணுக்கு ஷீட் போடச் சொல்வார்கள். போட்டால் நாலு மூலையிலும் முடிச்சுப் போட்ட கயிற்றைக் கரையில் அடித்த முளையில் கட்டி உள்ளே தொங்க விடுங்கள். ஷீட்டில் பாசி பிடித்தால் நீச்சல் தெரிந்த ஆளும் ஏற முடியாது. பத்தடி ஷீட் குட்டைக்கு வேலி போடாமல் விடுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன், தோட்டத்தில் பிள்ளைகள் ஓடுகிற இடம்.

மீன்வளம்_படித்தவன்:

ஷீட் போட்டால் இன்னொரு நஷ்டமும் உண்டு, அடியில் மண் இல்லாததால் புழு பூச்சி மாதிரியான இயற்கை இரை குறையும், முழுக்கத் தீவனத்தை நம்பி இருக்கணும். பக்கத்து ஏரியில் வண்டல் எடுக்க அனுமதி கிடைத்தால் அரை அடி முக்கால் அடி வண்டலைப் பரப்பி, தண்ணி விட்டு நாற்றங்கால் மாதிரி சேறு அடித்து விடுங்கள். முதல் போகத்தில் கசியும், போகப் போக அடைத்துக்கொள்ளும்.

குட்டை அளவைவிட முக்கியமான ஒன்றை இங்கே யாரும் தொடவில்லை. குட்டைக்குத் தண்ணி எங்கிருந்து வருகிறது? ஏரிக் கால்வாயிலிருந்து திறந்துவிட்டால் நாட்டு ஜிலேபிக் குஞ்சும் கூடவே வரும். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மொசாம்பிக் திலேப்பியாதான் இன்றைக்கு நம் ஏரி, அணை எல்லாவற்றிலும் நிறைந்திருக்கிறது. அது கையளவு ஆவதற்குள் முட்டை போட ஆரம்பித்துவிடும், தாய் மீன் குஞ்சை வாயிலேயே வைத்துக் காப்பாற்றும், அதனால் பிழைக்கிற குஞ்சும் அதிகம். உங்கள் 900 மீனோடு சில ஆயிரம் பொடி மீன் சேர்ந்து தீவனத்தைத் தின்னும். அதற்கப்புறம் குட்டை இருபது சென்ட்டா, ரெண்டு ஏக்கரா என்ற கேள்விக்கே அர்த்தமில்லை, எல்லாம் பொடியாகத்தான் இருக்கும்.

கிப்ட் என்பது நைல் திலேப்பியாவை 1988 முதல் பிலிப்பைன்ஸில் தலைமுறை தலைமுறையாகத் தேர்வு செய்து வளர்த்த ரகம். அதிலும் ஆண் மீன்தான் வேகமாக வளரும், பெண் தின்றதை எல்லாம் முட்டைக்கும் குஞ்சுக்கும் செலவழித்துவிடும். அதனால்தான் குஞ்சுப் பருவத்தில் 21 நாள் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்து ஏறக்குறைய எல்லாவற்றையும் ஆணாக்கி விற்கிறார்கள். நூற்றுக்கு நூறு ஆண் என்று யார் சொன்னாலும் கொஞ்சம் தள்ளிவைத்துக் கேளுங்கள். தப்பிப் பிறக்கிற பெண்களும் இருக்கும். இங்கேயும் ஆழம் கொஞ்சம் உதவும். ஆண் மீன் ஓரத்தில் ஆழமில்லாத இடத்தில் அடிமண்ணை வட்டமாகத் தோண்டித்தான் கூடு போடும். கரையோரமே மூணடி இருக்கும்படி சரிவை வெட்டினால் கூடு போட இடம் குறையும், கோரை முளைக்காது, கொக்கு நின்று கொத்தவும் வசதி இருக்காது. ஆனால் செம்மண்ணில் ரொம்பச் செங்குத்தாக வெட்டினால் முதல் மழையிலேயே சரியும், ஒன்றுக்கு ஒன்றரையைவிடக் குறைக்காதீர்கள்.

அப்புறம் கிப்ட் வளர்க்க மீன்வளத்துறை அனுமதி வேண்டும், வெளிநாட்டு ரகம் என்பதால் ஆற்றுக்கும் ஏரிக்கும் போய்விடக் கூடாது என்பதற்காக. வெளியே போகிற குழாய்க்கெல்லாம் வலை கட்டியிருக்கிறீர்களா என்று பார்ப்பார்கள். குட்டை வெட்டுவதற்கு முன்பே மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், வெட்டின பிறகு இடம் சரியில்லை என்று சொன்னால் தலைவலி.

பாலக்கோடு_மீன்கடை:

எல்லாரும் வளர்க்கிறதைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் விற்கிறவன், என் பங்குக்கு. பங்குனியில் குஞ்சு விட்டு ஆறு மாதம் என்று கணக்குப் போட்டால் புரட்டாசியில் மீன் தயாராகும். புரட்டாசியில் நம்ம பக்கம் பாதி வீட்டில் கவிச்சியே கிடையாது. பிடிக்காமல் வைத்திருந்தால் தீவனச் செலவு, பிடித்தால் விலை இல்லை. ஒரு குட்டைக்காரர் போன் மேல் போன் போட்டார், என்னால் எடுக்க முடியவில்லை.

இன்னொன்று, எல்லாம் ஒரே அளவாக இருந்தால்தான் எனக்கு எடுக்க லாபம். ஒன்று அரைக் கிலோ, ஒன்று நூறு கிராம் என்று வந்தால் பொடியைத் தனியாகத் தள்ள வேண்டியிருக்கிறது. பெரிய குட்டைக்காரர்களிடம் இது அதிகம், ஒரே ஓரத்தில் நின்று தீவனத்தை வீசிவிட்டுப் போய்விடுவார்கள், பெரிய மீன் எல்லாம் அந்த ஓரத்தில் அடைத்துக்கொள்ளும், சின்னது கிட்டேயே வராது. பெரிய குட்டை என்றால் நாலு பக்கமும் போடணும்.

மீன்வளம்_படித்தவன்:

கடைக்காரர் அண்ணா சொன்ன மாதக் கணக்கு அருமை, அது தண்ணிக் கணக்குக்கும் பொருந்துகிறது. காரிமங்கலம் அண்ணா, ஆடிக் கடைசியில் பத்து கிராம் குஞ்சாக விடுங்கள். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மழையில் குட்டைக்குத் தண்ணி தானாகச் சேரும், மீன் வேகமாகத் தின்கிற மாதங்களும் அவைதான். மார்கழியில் கொஞ்சம் மந்தமாகும், தீவனத்தைக் குறைத்துக்கொள்ளலாம். தை, மாசியில் பிடித்துவிட்டால் பங்குனி வெயிலில் ஆவியாகப் போகிற தண்ணியைப் பற்றிக் கவலையே இல்லை. குட்டையைக் காயவிடுங்கள், அடிமண் பாளம் பாளமாக வெடிக்கட்டும், தப்பிக் கிடக்கும் பொடி ஜிலேபியும் ஒழியும். வருஷத்துக்கு ஒரே போகம்தான், ஆனால் அந்த ஒரு போகத்துக்கு அஞ்சடி தாராளம், ஏழடிகூட எடுக்க வேண்டியதில்லை.

காவேரிப்பட்டணம்_குட்டைக்காரர்:

காயவிடுகிறது நல்ல யோசனை, ஆனால் ஏழடியை விட்டுவிடாதீர்கள் என்பேன். ஆடியில் மழை ஏமாற்றின வருஷங்கள் நம்ம பக்கம் எத்தனை. குஞ்சை வாங்கி வந்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

காரிமங்கலம்_மாந்தோப்பு:

22 சென்ட், ஏழடி, ஆடியில் 900 குஞ்சு. மாமாவிடம் சொன்னேன், அரை ஏக்கர் இல்லையா என்று கொஞ்சம் கோபம், பேரல் கணக்கைச் சொன்னதும் ஒன்றும் பேசவில்லை. ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். போர்த் தண்ணியை நேராகக் குட்டைக்குள் விடலாமா? எங்கள் தண்ணி உப்பு, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும்.

மீன்வளம்_படித்தவன்:

விடலாம், ஆனால் குழாயைத் தண்ணிக்குள் அமுக்கி வைக்காதீர்கள். போர்த் தண்ணியில் ஆக்சிஜன் மிகக் குறைவு, கரியமில வாயு இருக்கும். மூணு நாலு அடி உயரத்திலிருந்து ஒரு கல் மேல் விழுந்து சிதறுகிற மாதிரி வையுங்கள், அந்தச் சிதறலிலேயே பாதி சரியாகிவிடும். வெள்ளையாகப் படிகிற தண்ணியில் சுண்ணாம்புச் சத்து ஏற்கெனவே இருக்கிறது, திலேப்பியா அதைத் தாங்கும். ஏக்கருக்கு இத்தனை மூட்டை சுண்ணாம்பு கொட்டு என்று யாராவது சொன்னால் மண்ணையும் தண்ணியையும் பரிசோதித்துவிட்டுக் கொட்டுங்கள், பிஎச் எட்டரையைத் தாண்டி இருந்தால் தேவையே இல்லை.

தளி_ரோஜா:

நீர்க்காகத்துக்கு மேலே வலை கட்டவும் சேர்த்துச் செலவு எழுதிக்கொள்ளுங்கள். அது கொக்கு மாதிரி ஓரத்தில் நிற்காது, முங்கிப் பிடிக்கும், அஞ்சடி ஆழம் அதற்கு ஒன்றுமே இல்லை. 22 சென்ட் என்பதால் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்து மூட முடியும், அரை ஏக்கரை மூட நீங்கள் இன்னொரு கடன் வாங்க வேண்டியிருக்கும்.